பொருத்தனை மரங்கள்

காலேஜிலிருந்து ஆங்கிலத்தில் வந்த கடிதத்தை எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர்தான் எங்களுக்குப் படித்துச் சொன்னார். சேலத்தில் பெண்கள் காலேஜ் ஒன்றில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. பி.எஸ்ஸி. கணிதம். இன்ன தேதிக்குள் ஹாஸ்டல் பணம் கட்டிச் சேர வேண்டும் என்று கடைசி வரியில் இருந்தது. அப்பா அந்தக் கடிதத்தை வாங்கி, மடிப்பு மாறாமல் மறுபடியும் மடித்து, வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த இயேசு படத்தின் சட்டத்துக்கு மேலே செருகி வைத்தார். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை.

நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டின் லைன் வீடுகளில் நாங்கள் இருந்தோம். ஒரே கூரையின் கீழ் பன்னிரண்டு வீடுகள். அப்பா எஸ்டேட்டில் செடிகளுக்கு மருந்து அடிக்கிறவர். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த அந்த மருந்து அவர் சட்டையில் நீலநீலமாகத் திட்டுப் படிந்திருக்கும். எத்தனை துவைத்தாலும் போகாது. அம்மா காப்பிப் பழம் எடுக்கப் போவாள். அந்த வரிசையில் பிளஸ் டூ பாஸ் செய்த முதல் ஆள் நான்தான். அதனால் எனக்குப் பெருமையாக இருந்ததா என்று கேட்டால், சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அந்த ஜூன் மாதம் முழுக்கப் பனியும் மழையுமாகக் கிடந்தது. நான் விழித்துக்கொண்டேதான் நடமாடினேன் என்றாலும் இப்போது நினைத்தால் தூக்கத்தில் நடந்தது போலத்தான் இருக்கிறது.

"அடுத்த வாரம் ஆபீஸ்ல பேர் குடுத்தரலாம். களை எடுக்க ஆள் வேணுமுன்னு சொல்லீட்டுத்தான் இருக்கறாங்க" என்று அப்பா அம்மாவிடம் சொன்னது காதில் விழுந்தது. மறுநாள் அப்பா வேலைக்குப் போனதும் அம்மா படத்தின் மேலிருந்த கடிதத்தை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு போதகர் வீட்டுக்குப் போய்விட்டாள்.

எங்கள் சபை சிறியது. சுற்றியுள்ள எஸ்டேட்டுகளிலும் வாழவந்தி, செம்மநத்தம் ஊர்களிலும் இருந்து நாற்பது குடும்பம் வரும். தகரக் கூரை போட்ட கோயில். ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது. மழைக்காலத்தில் பனி உள்ளே வந்து பெஞ்சுகளுக்கு நடுவே உட்கார்ந்துகொள்ளும். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் யாரும் எழுந்திருக்க வேண்டாம் என்று போதகர் சொன்னார். தெற்கே திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர் அவர். அங்கியின் பைக்குள்ளிருந்து என் கடிதத்தை எடுத்தார். அப்பா ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தார். திரும்பி அம்மாவைப் பார்த்தார். அம்மா பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பிள்ளைக்குக் காலேஜ்ல இடம் கிடைச்சிருக்கு. ஃபீஸைச் சர்க்கார் பாத்துக்கும். ஹாஸ்டல் சாப்பாடும் புஸ்தகமும்தான் நம்ம கையில இருக்கு. மூணு வருஷம். சபையில யாராவது பொருத்தனை பண்ணுறீங்களா?" என்றார்.

பொருத்தனை என்றால் ஆண்டவர் முன்னால் கொடுக்கிற வாக்கு. காய்ச்சல் விட்டால் ஒரு கோழி, மாடு நல்லபடியாகக் கன்று போட்டால் முதல் பால் என்று அவரவர் மனசுக்குள் செய்துகொள்வார்கள். ஒரு பெண்ணின் படிப்புக்கு அதற்கு முன் யாரும் செய்ததில்லை. கூரையில் மழை விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் என் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் எழுந்திருக்கக் கூடாது என்றுகூட நினைத்தேன். எழுந்துவிட்டால் நான் போய்த்தான் ஆக வேண்டும்.

முதலில் எழுந்தது வாழவந்தி அக்கா. அம்மாவோடு பழம் எடுக்கிறவர். எனக்கு உறவு இல்லை, அக்கா என்று கூப்பிட்டுப் பழக்கம். அவருக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கலாம்.

"எங்கூட்டுக்குப் பொறத்தால நாலு ஆரஞ்சு மரம் இருக்குதுங்க ஐயா. அதுல கெணத்தோரத்து மரம் பொருத்தனைங்க. புள்ள படிச்சு முடிக்கற மட்டும் அந்த மரத்துக் காய வித்த காசு சபைக்குத்தானுங்க, நாங்க தொட மாட்டமுங்க."

உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஒருவர் பலா மரம் சொன்னார். இரண்டு பேர் சேர்ந்து ஆரஞ்சு மரம் மூன்று சொன்னார்கள். பாட்டா என்று எல்லாரும் கூப்பிடுகிற கிழவர் ஒருவர் வேலியோரத்துக் காப்பிச் செடிகள் இருபதைச் சொல்லிவிட்டு, "இருவத்தொண்ணுங்க, ஒண்ணு விட்டுப் போச்சு" என்று திருத்தினார். போதகர் எழுதி வைக்கப் பென்சிலை எடுத்தவர், கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்து, எழுதாமல் மறுபடியும் பைக்குள் போட்டுக்கொண்டார். முதல் தவணையை மட்டும் சபைப் பெட்டியிலிருந்து கட்டிவிடலாம், பிறகு மரங்கள் பார்த்துக்கொள்ளும் என்றார்.

எல்லாரும் முடித்துவிட்டார்கள் என்று நினைத்தபோது வாசலோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "செம்மநத்தத்துக் காட்டுல மொளகுக் கொடி ரெண்டு இருக்குதுங்க. அதுல வாரதும் புள்ளைக்குத்தான்."

பெரியப்பா. அப்பாவின் உடன்பிறந்த அண்ணன். அப்பாவின் கழுத்து விறைத்ததை நான் பின்னாலிருந்தே பார்த்தேன்.

அவர்கள் இருவரும் பேசி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. தாத்தா செம்மநத்தத்தில் விட்டுப்போன துண்டுக் காட்டை இரண்டாகப் பிரித்தபோது எல்லையில் இரண்டு சில்வர் ஓக் மரங்கள் நின்றன. அவை தன் பங்கில்தான் நிற்கின்றன என்று இருவருமே சொன்னார்கள். அளக்க வந்தவர் அளந்துவிட்டு இரண்டு பேருக்கும் பிடிக்காத ஒன்றைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றோடு பேச்சு நின்றது. ஒரே கோயிலுக்கு வந்து, ஒரே பாட்டைப் பாடிவிட்டு, வேறு வேறு வழியாகப் போவார்கள். பெரியப்பாவுக்குக் குழந்தை இல்லை. பெரியம்மா இறந்த பிறகு காட்டுக் குடிசையில் தனியாகத்தான் இருந்தார்.

அன்று வீட்டுக்கு நடந்து வருகையில் அப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "கொடி அவனோடதாம். கொடி ஏறி நிக்கற மரம் யாரோடதாம்?"

அம்மா குடையைச் சாய்த்துப் பிடித்து முகத்தை மறைத்துக்கொண்டாள். சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த வாரம் பஸ் ஏறினேன். கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க இறங்கக் காது அடைத்தது. பனி விலகி, வெயில் வந்து, ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்தேன். அடிவாரத்தில் எல்லாம் மஞ்சளாகத் தெரிந்தது. அம்மா பஸ்ஸில் வாந்தி எடுப்பவள் என்பதால் வரவில்லை. தகரப் பெட்டியைக் காலுக்குள் இடுக்கிக்கொண்டு அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஹாஸ்டல் வாசலில் பெட்டியை வைத்துவிட்டு, "சாப்பாடு பத்தலைன்னா கேட்டு வாங்கித் தின்னு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

சேலத்து வெயில் எனக்குப் புதிது. மத்தியானத்தில் வகுப்பறையில் விசிறி சுற்றும். ஆங்கிலத்தில் பாடம் நடக்கும். தமிழில் படித்துவிட்டு வந்த எனக்கு அந்தச் சொற்கள் எல்லாம் பனி மாதிரி. இருக்கிறது என்று தெரியும், கையில் பிடிக்க ஒன்றும் வராது. கணக்கு மட்டும் புரிந்தது. கரும்பலகையில் எண்களும் குறிகளும் வந்துவிட்டால் நிமிர்ந்து உட்காருவேன். மற்ற நேரத்தில் ஜன்னல் வழியாகத் தெரிகிற மலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கீழே இருந்து பார்த்தால் சேர்வராயன் மலை ஒரு நீலக் கோடு மட்டுமே. அதற்குள் எங்கள் லைன் வீடும், கோயிலும், கிணற்றோர மரமும் இருக்கின்றன என்பதை நம்ப முடியாது.

ஹாஸ்டல் சாப்பாட்டில் உட்கார்ந்தால் எனக்கு மட்டும் ஒரு விளையாட்டு. ஜூலையில் வந்த சாம்பார் பலா. டிசம்பரிலிருந்து ஆரஞ்சு. அதற்குப் பின் வருவது பாட்டாவின் இருபத்தொரு செடிகள். மார்ச்சில் மிளகு. மற்றவர்கள் தண்ணீர் சாம்பார் என்று முகம் சுளிக்கும்போது நான் ஒரு பருக்கை விடாமல் தின்பேன். அறைத்தோழி சேலத்துப் பக்கத்துப் பெண். "உனக்கு மட்டும் தனியா ஏதாவது போடுறாங்களா?" என்று கேட்டாள். என்ன சொல்லி விளங்க வைப்பது என்று தெரியாமல் பசி என்று சொன்னேன்.

சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போவோம். இருட்டத் தொடங்கும்போது மலைமேல் விளக்குகள் ஒவ்வொன்றாக வரும். அவற்றையே பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒரு தடவை கனவு கண்டேன். ஆரஞ்சு மரங்களும் பலாவும் சேர்ந்து கொண்டை ஊசி வளைவுகளில் மெதுவாக நடந்து இறங்கி வந்தன. அவசரமே இல்லை. ஒரு வளைவில் பஸ்ஸுக்கு வழி விட்டு ஓரமாக ஒதுங்கி நின்றன. அதற்குமேல் எதுவும் நடக்கவில்லை. விழித்த பிறகும் வெகுநேரம் எனக்கு இலைகளின் வாசனை இருந்தது.

முதல் வருஷம் லீவுக்கு வந்தபோதெல்லாம் வாழவந்தி அக்கா என்னைக் கிணற்றோரத்துக்குக் கூட்டிப் போவார். "உம்மரம் பாரு கண்ணு. மத்த மூணுலயும் இத்தன காய் இல்ல" என்பார். நான் மரத்தைத் தொட்டுப் பார்ப்பேன். காய்கள் தாழத் தொங்கும். அவருடைய சின்ன மகள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பழத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒன்று பறித்துக் கொடுக்கலாமா என்று கேட்டேன். "மத்த மரத்துல தின்னட்டும். இது சொன்னது சொன்னதுதான்" என்றுவிட்டார். எனக்கு அந்த இடத்தில் நிற்கவே முடியவில்லை. ஆனாலும் ஒவ்வொரு லீவுக்கும் போனேன்.

முதல் வருஷம் எப்படியோ தேறிவிட்டேன். இரண்டாம் வருஷம் நவம்பரில் பரீட்சை எழுதினேன். கிறிஸ்துமஸ் லீவுக்கு முந்தின நாள் ரிசல்ட் ஒட்டினார்கள். கூட்டத்துக்குள் நுழைந்து என் நம்பரைப் பார்த்தேன். கணிதத்தில் நல்ல மார்க். ஆங்கிலத்திலும் பிசிக்ஸிலும் பெயில். மறுபடி பார்த்தேன். மேல் வரியையும் கீழ் வரியையும் பார்த்தேன். என் வரிதான்.

அன்று மலை ஏறிய பஸ்ஸில் எனக்கு அழுகை வரவில்லை. வளைவுக்கு வளைவு குளிர் ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் ஒரு மரத்தின் முகம் வந்தது. மரத்துக்கு முகம் உண்டா என்று கேட்காதீர்கள், அன்று இருந்தது. வீட்டில் அம்மா, "பரிச்சையெல்லாம் எப்படி கண்ணு?" என்றாள். "ரிசல்ட் இன்னும் வரலைம்மா" என்றேன். அவளிடம் நான் சொன்ன பெரிய பொய் அதுதான்.

கிறிஸ்துமஸ் ஆராதனைக்குப் போனோம். கோயிலுக்குள் நுழைந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, இவர்களுக்கு விஷயம் எட்டிவிட்டது என்று. பலா மரத்துக்காரர் என்னைப் பார்த்ததும் பாட்டுப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தார். ஆரஞ்சு மரம் சொன்ன இருவரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஆராதனை முடிந்து வாசலில் வாழவந்தி அக்காவைப் பார்த்தேன். எப்போதும் ஓடி வந்து கன்னத்தைத் தடவுகிறவர், சட்டென்று தலையைக் குனிந்துகொண்டு கோயிலுக்குப் பின்பக்கம் போய்விட்டார். காலேஜில் யாரோ சொல்லியிருக்க வேண்டும். அல்லது போதகருக்குக் கடிதம் வந்திருக்க வேண்டும். நான் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுத்த இரண்டு நாள் வெளியே போகவில்லை. தலைவலி என்று படுத்துக்கிடந்தேன். இப்படியே படுத்துக்கிடந்தால் பனி வந்து வீட்டையும் என்னையும் மூடிவிடும் என்று தோன்றியது. அது பயமாகவும் இல்லை.

மூன்றாம் நாள் அம்மா சீமெண்ணெய் வாங்கிவர நாகலூர்க் கடைக்கு அனுப்பினாள். பத்தடிக்கு மேல் கண் தெரியாத பனி. பஸ் நிற்கிற இடத்தில் யாரோ சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்பது கிட்டப்போன பிறகுதான் தெரிந்தது. வாழவந்தி அக்கா. இரண்டு பேருக்கும் ஒதுங்க இடமில்லை.

அவர்தான் முதலில் பேசினார். "நல்லா இருக்கறயா கண்ணு?"

"இருக்கறேங்கக்கா."

பிறகு அவர் சாக்கின் ஓரத்தை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே சொன்னார். "ஒம் மூஞ்சில எப்படி முழிக்கறதுன்னு தெரியாமத்தான் அன்னிக்கு அந்தப் பக்கமாப் போயிட்டேன் சாமி. கோவிச்சுக்காத."

"நீங்க எதுக்குங்கக்கா?"

"மரம் பட்டுப்போச்சு. ஐப்பசிலயே எலையெல்லாம் மஞ்சளாப் போச்சு. காயி எலந்தப்பழமாட்டம் சின்னச் சின்னதா, பழுக்காமயே கொட்டிப்போச்சு. எங்க மரம் மட்டுமில்ல, மல முச்சூடும் அப்படித்தான். ஏதோ சீக்காம். அவங்க ரெண்டு பேர் மரமும் போச்சு. சொன்ன சொல்லக் காப்பாத்த முடியலையேன்னு ஒருத்தருக்கும் தல நிமுரல. நீ அங்க படிச்சுக்கிட்டு இருக்கற. இங்க நாங்க பெயிலாப் போயிட்டோம்."

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. இத்தனை நாளாக வராத அழுகை வந்தது. "நாந்தானுங்கக்கா பெயிலு" என்றேன். "ரெண்டு பாடத்துல. உங்களுக்கெல்லாம் தெரிஞ்சுபோச்சுன்னு நெனச்சுத்தான் ஓடி வந்துட்டேன்."

அவர் என்னையே பார்த்தார். அப்புறம் சாக்கைத் தூக்கி என் தலைக்கும் சேர்த்துப் போட்டார். உள்ளே நனைந்த சணல் வாசனையும் வெற்றிலை வாசனையுமாக இருந்தது. இரண்டு பேரும் அதற்குள் நின்று அழுதோமா சிரித்தோமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. பஸ் வந்து நின்று, கண்டக்டர் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பஸ் போய்விட்டது.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது அதன் பிறகுதான். "மரமெல்லாம் போச்சுன்னா இந்த மாசம் ஹாஸ்டலுக்குப் பணம் எப்படிங்கக்கா வந்துச்சு? கட்டியாச்சுன்னு வார்டன் சொன்னாங்களே."

"ஒனக்குத் தெரியாதா? உங்க பெரியப்பந்தான். சில்வர் ஓக் ரெண்டையும் லாரிக்காரனுக்குக் குடுத்துப்போட்டாரு. எங்கூட்டு முன்னாலதான் லாரி போச்சு. காசப் போதகரையா கைல மட்டும் குடுத்தாராம். உங்கொப்பனுக்குத் தெரிய வேண்டாமுன்னு சொல்லியிருக்கறாரு."

சீமெண்ணெயை வாங்காமலே வீட்டுக்கு வந்தேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அன்று எனக்குள் எதுவும் தங்கவில்லை. அப்பாவிடம் மரம் வெட்டினதைச் சொல்லிவிட்டேன். அவர் மருந்தடிக்கிற டின்னைக் கழுவிக்கொண்டிருந்தார். அதை அப்படியே வைத்துவிட்டு, ஈரக் கையோடு செம்மநத்தம் பாதையில் நடக்க ஆரம்பித்தார்.

"ஏனுங்க, நில்லுங்க" என்று அம்மா பின்னாலேயே ஓடினாள். நானும் போனேன். மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராக ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்தோம். அப்பா பனிக்குள் போய்ப் போய் மறைவார். செருப்புச் சத்தத்தை வைத்துக்கொண்டு பின்னால் போவோம். வழியெல்லாம் அவர் தனக்குள் பேசிக்கொண்டு போனார். "எம்மரத்த வெட்டி எம்மகளுக்கே குடுத்துப்போட்டு, தருமம் பண்ணுனவன்னு பேரு வாங்கிக்கறான் பாரு."

காட்டு எல்லையில் இரண்டு அடிக்கட்டைகள் இருந்தன. வெட்டின இடம் இன்னும் வெள்ளையாக இருந்தது. மிளகுக் கொடிகளைப் பெரியப்பா வீணாக்கவில்லை. அவிழ்த்து இறக்கிப் பக்கத்துப் பலா மரத்தில் கட்டியிருந்தார். ஒன்று பிழைத்திருந்தது. சத்தம் கேட்டுக் குடிசைக்குள்ளிருந்து வந்தவர் எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"யாரக் கேட்டு வெட்டுன?" என்றார் அப்பா. பத்து வருஷத்துக்கு மேல் கழித்து அண்ணனிடம் அவர் பேசிய முதல் பேச்சு.

"யாரையும் கேக்குல."

"அது எம்மரம்."

"ஒம்மரமாவே இருக்கட்டும். ஒம்மகளுக்குத்தான போச்சு."

பெரியப்பா என்னைப் பார்த்து, "படிப்பெல்லாம் நல்லாப் போகுதா கண்ணு?" என்றார்.

"நான் பெயில் ஆயிட்டேனுங்க பெரியப்பா" என்றேன்.

அம்மா கையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்பா என்னையும் அடிக்கட்டையையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு ஒரு கட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். நடந்து வந்த களைப்பும் சேர்ந்து வந்திருக்கும். பெரியப்பாவும் வந்து இன்னொரு கட்டையில் உட்கார்ந்தார். எதற்காகப் பத்து வருஷத்துக்கு மேல் சண்டை போட்டார்களோ அதன் மேல்தான் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நீலச் சட்டை ஒன்று, பழுப்புக் கம்பளி ஒன்று. பனி அவர்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.

"எத்தன பாடம்?" என்றார் பெரியப்பா.

"ரெண்டுங்க. இங்கிலீசும் பிசிக்ஸும்."

"மறுக்கா எழுதலாமா?"

"ஏப்ரல்ல எழுதலாமுங்க."

"அப்ப எழுது" என்றார். அவ்வளவுதான். அப்பா பக்கம் திரும்பாமலே, "சாப்ட்டயா?" என்று கேட்டார். "இல்ல" என்றார் அப்பா. பெரியப்பா எழுந்து அடுப்பைப் பற்றவைக்க உள்ளே போனார். அம்மாவும் பின்னாலேயே போனாள். அன்று மத்தியானம் எல்லாரும் ராகிக் களியும் கீரையும் சாப்பிட்டோம். திரும்பும்போது அப்பா எனக்காக இரண்டு இடத்தில் நின்று காத்திருந்தார். திட்டவில்லை. அது திட்டியதைவிடக் கஷ்டமாக இருந்தது.

புது வருஷத்து ஆராதனையில் போதகர் ஆரஞ்சு மரங்களைப் பற்றிப் பேசினார். மலைக்கு வந்த நோய்க்கு யாரும் பொறுப்பில்லை, பொருத்தனை பண்ணினவர்கள் வருத்தப்பட வேண்டாம், முடிந்தவர்கள் வேறு ஏதாவது சொல்லலாம், முடியாதவர்கள் சும்மா இருக்கலாம் என்றார். எனக்குள் ஏதோ எழுந்தது. யார் சொல்லியும் இல்லை, நானே எழுந்து நின்றுவிட்டேன். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு பெண் தானாக எழுந்து பேசுவது அந்தக் கோயிலில் வாழவந்தி அக்காவுக்குப் பிறகு அதுதான்.

"நான் ரெண்டு பாடத்துல பெயில் ஆயிட்டேனுங்க" என்றேன். "உங்க மரத்தையெல்லாம் சாப்ட்டுட்டுப் பெயில் ஆயிட்டேனுங்க. ஏப்ரல்ல மறுபடி எழுதறேன்." இதற்கு மேல் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

காப்பிச் செடிப் பாட்டா கையை ஆட்டினார். "எங்க மரமெல்லாம் எல்லாப் பாடத்துலயும் பெயிலுங்க. நீ ரெண்டுல தான கண்ணு. உக்காரு" என்றார். கோயிலே சிரித்தது. போதகர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதன் பிறகு எல்லாரும் எழுந்தார்கள். வாழவந்தி அக்கா ஒரு ஆட்டுக்குட்டியைச் சொன்னார். ஒருவர் சவ்சவ் பந்தலைச் சொன்னார். அப்பா எழுந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியார் தோட்டத்துக்கு மருந்தடிக்கப் போவதாகவும், அந்தக் கூலியைக் கொடுப்பதாகவும் சொன்னார். ஞாயிறு ஓய்வுநாள், அன்று வேலை செய்யக் கூடாது என்பது சபையின் வழக்கம்; ஞாயிற்றுக்கிழமை வேலையைக் கோயிலிலேயே எழுந்து சொன்னவர் அவர் ஒருவர்தான். போதகர் அதையும் ஏற்றுக்கொண்டார்.

திரும்பிப் போன பிறகு நான் வேறு மாதிரி படித்தேன். ஹாஸ்டலுக்கு வருகிற ஆங்கிலப் பேப்பரை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் ஒவ்வொரு வரியாகச் சத்தம் போட்டு வாசிப்பேன். அறைத்தோழி கொடிக்கயிற்றில் துணியை உதறிக்கொண்டே உச்சரிப்பைத் திருத்துவாள். சாம்பாரில் இப்போது ஆட்டுக்குட்டியும் அப்பாவின் ஞாயிற்றுக்கிழமையும் இருந்தன. அவற்றை மெதுவாகச் சாப்பிட்டேன். ஏப்ரலில் ஆங்கிலத்தில் பாஸ். பிசிக்ஸில் மறுபடியும் போயிற்று. அதற்கடுத்த நவம்பரில் அதுவும் வந்தது. கடைசிப் பரீட்சை முடிந்து டிகிரி கைக்கு வந்தபோது மதிப்பெண் பட்டியலை எடுத்துக்கொண்டு அம்மாவும் நானும் ஒரு நாள் முழுக்க வீடு வீடாக நடந்தோம். அவர்களில் பலருக்குப் படிக்கத் தெரியாது. தாளை வாங்கி, விரலைத் துடைத்துக்கொண்டு, எழுத்துகளைத் தடவிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்கள். எல்லா வீட்டிலும் ஏதாவது சாப்பிட வைத்தார்கள். வாழவந்தி அக்கா மட்டும், "இதுல பெயிலு எங்க இருக்குது, காட்டு" என்று கேட்டார். நான் இரண்டாம் வருஷத்து வரியைக் காட்டினேன். அதைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சேலத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எனக்கு வேலை கிடைத்தது. காதில் கருவியை மாட்டிக்கொண்டு நீளப் பலகையின் முன் உட்கார்ந்து, ஊருக்கு ஊர் லைன் இணைக்கிற வேலை. முதல் சம்பளம் வாங்கின வாரம் மலைக்குப் போய்க் கோயிலில் எழுந்து நின்று, அந்த வருஷம் பிளஸ் டூ முடித்த ஒரு பெண்ணுக்கு என் பங்கைச் சொன்னேன். அவள் ஒரு வருஷத்தில் படிப்பை விட்டுவிட்டுக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். எனக்கு வருத்தம்தான். ஆனால் அவளை எங்கே பார்த்தாலும் நானாகப் போய்ப் பேசினேன். அவள் கைக்குழந்தையைத் தூக்கி என்னிடம் கொடுப்பாள். அடுத்த வருஷம் வேறொருத்திக்குச் சொன்னேன். அவள் முடித்தாள்.

மத்தியானத்தில் எக்ஸ்சேஞ்ச் ஓய்ந்து கிடக்கும். வெயிலில் கண் சொருகும். பலகையில் கம்பி செருகும் துளைகள் எல்லாம் ஒன்றோடொன்று கலங்கித் தெரியும். அப்படியான ஒரு நேரத்தில் எங்கள் மலையின் ஏற்காட்டு லைன் விளக்கு எரிந்தால் நான்தான் முதலில் கை நீட்டுவேன். மறுமுனையில் யாரோ ஒருவர், தனக்கு முன்னால் நிற்கிற ஆளிடம் பேசுவது போல உரக்க, "ஏனுங்க, கேக்குதுங்களா?" என்பார்.

"கேக்குதுங்க. சொல்லுங்க" என்பேன்.